பணத்துக்கு ஒரு நொடி. எச்சரிக்கைக்கு எத்தனை நாள்?

“இனி எல்லாம் தானாகவே இணையும்” என்று ஒரு பிரசாரம் மும்முரமாக நடந்து வருகிறது. ஓர் இலாகாவின் கம்ப்யூட்டர் இன்னோர் இலாகாவின் கம்ப்யூட்டருடன் தானே பேசுமாம். ஒரு கம்பெனியின் சாப்ட்வேர் இன்னொரு கம்பெனியின் சாப்ட்வேரைத் தானே புரிந்துகொள்ளுமாம். நடுவில் மனிதனே வேண்டியதில்லையாம். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதாம்; குமாஸ்தா, மடைக் காவலாள், தந்தி ஆபீஸ் எல்லாம் பழங்கதையாம். மந்திரிகள் மேடைதோறும் இதைப் பேசுகிறார்கள். முதலாளிகளின் சங்கங்கள் கைதட்டுகின்றன.

நல்லது. விஞ்ஞானத்தின் மீது உழைப்பாளி மக்களுக்கு எந்தப் பகையும் கிடையாது. யந்திரங்கள் ஒன்றோடொன்று பேசட்டும். வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் திருச்செந்தூர் வட்டாரத்து ஜனங்களுக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை இருக்கிறது. 2023 டிசம்பர் 17-ந் தேதி இரவு இந்த யந்திரங்கள் எல்லாம் யாரோடு பேசிக்கொண்டிருந்தன?

அந்த இரவு

டிசம்பர் 18-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். தூத்துக்குடி ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதற்குமான சராசரி மழையே 70 சென்டிமீட்டருக்குக் குறைவுதான். ஒரு வருஷத்து மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது.

தாமிரபரணி கரை புரண்டது. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளில் ஊர்கள் தீவுகளாயின. தூத்துக்குடி நகரத் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வாழை போயிற்று, நெல் போயிற்று, உப்பளப் பாத்திகள் கரைந்தன, ஆடு மாடுகள் மிதந்தன. தென் ஜில்லாக்களில் முப்பதுக்கும் மேற்பட்ட மனித உயிர்கள் பறிபோயின. மின்சாரம் நின்றது. செல்போன் கோபுரங்கள் ஊமையாயின. உற்றார் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் வெளியூரிலிருந்த பிள்ளைகள் தவித்தார்கள்.

வெள்ளம் வடியுமுன்பே வாக்குவாதம் ஆரம்பமாகிவிட்டது. டிசம்பர் 12-ந் தேதியே வானிலை இலாகா எச்சரித்துவிட்டது என்றார் மத்திய நிதி மந்திரி. இவ்வளவு பெரிய மழை வரும் என்று வானிலை இலாகா சொல்லவே இல்லை என்றது மாநில சர்க்கார். டில்லி சென்னையைச் சுட்டிக்காட்டியது. சென்னை டில்லியைச் சுட்டிக்காட்டியது.

இரண்டு தரப்பும் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் “நான் சொன்னேன்” என்கிறார். மற்றவர் “நீ சொன்னதில் அது இல்லை” என்கிறார். சொன்ன யந்திரமும் இருந்தது. கேட்ட யந்திரமும் இருந்தது. இரண்டுக்கும் இடையே கம்பியும் இருந்தது. ஆயினும் சேதி போய்ச் சேரவில்லை. “எல்லாம் தானாக இணையும்” என்று பறையடிப்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இணைப்பு என்றால் என்ன?

இரண்டு கம்ப்யூட்டர் அமைப்புகள் சேர்ந்து வேலை செய்ய நான்கு படிகள் ஏற வேண்டும்.

முதல் படி, பாதை. ரயிலை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் இந்த நாட்டில் ஐந்தரை அடி அகலப் பாதை போட்டான். 1870-ல் மேயோ பிரபு காலத்தில் செலவைக் குறைக்க மீட்டர் கேஜ் பாதையும் போட்டான். இரண்டும் சந்திக்கும் ஜங்ஷனில் ஒரு வண்டியிலிருந்து மறு வண்டிக்கு மூட்டை சுமந்தே தொழிலாளியின் முதுகு வளைந்தது. நமது திருச்செந்தூர்ப் பாதையே வெகுகாலம் மீட்டர் கேஜ்தான். கம்ப்யூட்டர்களுக்கு இந்தப் பாதைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 1983 ஜனவரி 1-ந் தேதி, அமெரிக்க சர்க்காரின் பணத்தில் உருவான அர்ப்பாநெட் வலைப்பின்னல் ஒரே பொது விதிக்கு மாறியது. இன்றைய இன்டர்நெட் அந்த விதியின் மேல்தான் ஓடுகிறது. எந்தத் தனி முதலாளியும் அதற்குச் சொந்தக்காரன் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது படி, படிவம். பாதை ஒன்றானாலும் எழுத்து ஒன்றாக வேண்டுமே! ஓர் ஆபீசில் ஓர் எழுத்துருவில் அடித்த தமிழ் மனு அடுத்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டு, அதை வாங்கினால்தான் அதைப் படிக்கலாம் என்றது. 1999-ல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடிப் பொதுக் குறியீட்டைப் பற்றி முடிவெடுத்தது. 2010-ல் யூனிகோடை ஏற்று மாநில சர்க்கார் உத்தரவு போட்டது. எழுத்துகள் தானாக ஒன்றுசேரவில்லை; மாநாடும் உத்தரவும் வேண்டியிருந்தது.

மூன்றாவது படி, பொருள். இங்கேதான் டிசம்பர் வெள்ளத்தின் சூட்சுமம் இருக்கிறது. வானிலை இலாகாவின் கணக்கில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது “அதிகனமழை”. 21 சென்டிமீட்டர் பெய்தாலும் அதிகனமழை. 95 சென்டிமீட்டர் பெய்தாலும் அதிகனமழை. எச்சரிக்கையின் நிறத்தில் அதற்கு மேல் வேறு கட்டம் கிடையாது. சிவப்பு எச்சரிக்கை என்றால் சிவப்பு எச்சரிக்கை, அவ்வளவுதான். வானிலை இலாகா சென்டிமீட்டரில் பேசுகிறது. அணைக்கட்டு அதிகாரி கன அடியில் பேசுகிறார். குளத்து மடையில் நிற்பவர் “கரையிலிருந்து இரண்டு முழம்தான் பாக்கி” என்று பேசுகிறார். ரயில்வேயோ தண்டவாளத்தின் கீழிருக்கும் ஜல்லியைப் பற்றிப் பேசுகிறது. இத்தனை மணி மழை இத்தனை கன அடியாகி, எந்தக் குளத்தின் கரையை எத்தனை மணிக்குத் தொடும், அதன்பின் எந்தத் தெருவுக்குள் நுழையும் என்று கோத்துச் சொன்னால்தான் அது எச்சரிக்கை. கோக்காமல் அனுப்பினால் அது வெறும் எண்.

நான்காவது படி, பொறுப்பு. சேதி வந்துவிட்டது, புரிந்தும் விட்டது. மதகைத் திறப்பது யார்? ரயிலை நிறுத்துவது யார்? ஊரைக் காலி செய்யச் சொல்வது யார்? செய்யாவிட்டால் பதில் சொல்வது யார்? எந்த சாப்ட்வேரும் இந்தப் படியைத் தானாக ஏறிவிடாது. பிரசாரகர்கள் முதல் மூன்று படிகளைக் காட்டிவிட்டு, நான்காவது படியைத் திரைபோட்டு மூடுகிறார்கள். அந்தப் படியில்தான் பணம் செலவாகும். ஆள் போட வேண்டும். அதிகாரிக்கும் கம்பெனிக்கும் கட்டாயம் விதிக்க வேண்டும்.

மார்க்கோனி கம்பெனி கற்றுத் தந்த பாடம்

கம்பெனிகள் தாமாகவே இணைந்துகொள்ளும், சந்தை பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்களுக்குக் கடல் சரித்திரம் ஒரு பாடம் வைத்திருக்கிறது.

கம்பியில்லாத் தந்தி புதிதாக வந்த காலம். கப்பல்களிலும் கரை நிலையங்களிலும் மார்க்கோனி கம்பெனியின் கருவிகள்தான் பெருவாரி. வேறு கம்பெனிக் கருவி வைத்திருக்கும் கப்பல் கூப்பிட்டால் பதில் பேசாதே என்பது அந்தக் கம்பெனியின் கட்டளை. கருவி பேச முடியாததால் அல்ல. பேசினால் போட்டிக் கம்பெனிக்கு லாபம் என்பதால்! 1902-ல் ஜெர்மன் சக்கரவர்த்தியின் தம்பி ஹென்றி இளவரசர் அமெரிக்காவிலிருந்து கப்பலில் திரும்பும்போது, அமெரிக்க ஜனாதிபதிக்கு நன்றி சொல்லித் தந்தி கொடுக்க விரும்பினார். அவர் ஏறிய கப்பலில் இருந்தது ஜெர்மன் கருவி. மார்க்கோனி நிலையம் மறுத்துவிட்டது. இளவரசருக்கே அந்தக் கதி என்றால் சாதாரண மாலுமியின் கதி என்ன?

அதன் பிறகு 1903-ல் பெர்லினில் பல நாட்டு சர்க்கார்கள் கூடின. 1906-ல் மீண்டும் கூடி ஒப்பந்தம் செய்தன. எந்தக் கம்பெனிக் கருவியானாலும் கரை நிலையமும் கப்பலும் தந்தி பரிமாறிக்கொள்ளத்தான் வேண்டும் என்று விதித்தன. ஆபத்துக் குறிக்கு உலகத்துக்கெல்லாம் ஒரே குறி, எஸ்.ஓ.எஸ். என்று வைத்தன. அதே 1906-ல்தான் நமது தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தினார். கடல் ஒரு கம்பெனியின் பட்டா நிலம் அல்ல என்ற உண்மை பெர்லினில் ஒரு விதத்திலும் தூத்துக்குடியில் ஒரு விதத்திலும் அந்த வருஷம் பேசப்பட்டது.

ஆனால் ஒரே குறி வைத்துவிட்டால் போதுமா? 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது ஏறக்குறைய 1,500 பேர் மாண்டார்கள். அருகே இருந்த கலிபோர்னியன் கப்பலில் தந்திக் கருவி இருந்தது. தந்திக்காரர் வேலை முடித்துப் படுத்துவிட்டார். இரவு வேலைக்கு இன்னோர் ஆள் கிடையாது. இருபத்துநாலு மணி நேரமும் கேட்பதற்கு ஆள் வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது. பாதையும் படிவமும் பொருளும் சரியாக இருந்தும், கேட்க ஆள் இல்லாததால் உயிர்கள் போயின. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தப் பாடத்தை நமது சர்க்கார்கள் படித்து முடித்தபாடில்லை.

பணத்துக்கு மட்டும் எப்படி முடிந்தது?

“இந்தியா போன்ற பெரிய நாட்டில் எல்லா அமைப்புகளையும் இணைப்பது லேசான காரியமா?” என்று கேட்பார்கள். நம்மிடம் பதில் இருக்கிறது. பணத்துக்கு இணைத்தீர்களே!

2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தது. இன்று திருச்செந்தூர் சன்னதித் தெருவில் சுக்குக் கருப்பட்டி விற்கும் ஆச்சியின் தட்டில் ஒரு கட்டப் படம் ஒட்டியிருக்கிறது. எந்த பாங்கிக் கணக்கிலிருந்தும், எந்தச் செயலியிலிருந்தும், நொடியில் அவர் கணக்குக்குப் பணம் போகிறது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அபாரமான சாதனைதான், நாம் மறுக்கவில்லை.

ஆனால் இது தானாக நடந்ததா? 2004-ல் ஏ.டி.எம். யந்திரங்களை ஒரே வலையில் சேர்க்க ரிசர்வ் பாங்க் ஏற்படுத்திய நிலையம் வேலை செய்தது. 2008-ல் பாங்குகளைச் சேர்த்து என்.பி.சி.ஐ. என்ற பொது அமைப்பு உருவாக்கப்பட்டது. 2017 ஜனவரியில் ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்க், போன்பே செயலி வழியே வந்த பரிவர்த்தனைகளுக்குக் கதவை அடைத்தது, என்.பி.சி.ஐ. தலையிட்டுத் திறக்கச் சொன்னது. ஒவ்வொரு கம்பெனியும் தன் செயலிக்கு மட்டும் திறக்கும் கட்டப் படத்தைக் கடைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. இனிப் புதிதாக அப்படி ஒட்டக் கூடாது, 2022 மார்ச் 31-க்குள் எல்லாவற்றையும் பொதுப் படமாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் பாங்க் 2020 அக்டோபரில் உத்தரவு போட்டது. பணப்பைக் கம்பெனிகளுக்கும் அதே கெடு.

ஆக, ஒவ்வோர் இணைப்புக்குப் பின்னாலும் ஒரு சர்க்கார் உத்தரவு, ஒரு பொது அமைப்பு, ஒரு கெடு, மீறினால் நடவடிக்கை என்ற பயம் இருக்கிறது. கம்பெனிகள் ஒருவரையொருவர் நேசித்து இணையவில்லை, இணைய வைக்கப்பட்டன. பிறகு அந்தப் பொதுப் பாதையில் வண்டி ஓட்டி ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிடித்துக்கொண்டவை அமெரிக்க முதலாளிகளுக்குச் சொந்தமான இரண்டு செயலிகள். ஒரு செயலிக்கு நூற்றுக்கு முப்பதுக்கு மேல் கூடாது என்று 2020-ல் அறிவித்த வரம்பின் கெடு 2026 டிசம்பர் வரை தள்ளிப் போடப்பட்டது. கடைகளின் கட்டப் படத்துக்கு வந்த கெடுவும் பெரிய கம்பெனிகளின் பங்குக்கு வந்த கெடுவும் ஒரே மாதிரி நடத்தப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். சிறு தொகை யு.பி.ஐ. பரிவர்த்தனைகளை ஊக்குவிக்க 2024-25 என்ற ஒரே வருஷத்துக்கு மத்திய சர்க்கார் ஒதுக்கிய தொகை 1,500 கோடி ரூபாய். கடற்கரை மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து, ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்குச் செய்திக் கருவி பொருத்த 2024-ல் தொடங்கப்பட்ட திட்டத்தின் மொத்தச் செலவு ஏறக்குறைய 360 கோடி ரூபாய். பணம் கைமாறுவதற்கு ஒரு வருஷத்து ஊக்கத்தொகை, கடலுக்குப் போகும் மனிதனின் உயிர்ச் சேதிக்கான முழுத் திட்டத்தைப்போல் நான்கு மடங்கு!

துறைமுகத்தில் சரக்குக்கு நடப்பதும் இதுதான். கப்பல், சுங்கம், ரயில், லாரி ஆகியவற்றின் கணக்குகள் ஒரே திரையில் வர வேண்டும் என்று 2022 செப்டம்பரில் ஒருங்கிணைந்த சரக்குப் போக்குவரத்து மேடை ஆரம்பிக்கப்பட்டது. பல அமைச்சகங்களின் முப்பதுக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர் அமைப்புகள் அதில் கோக்கப்பட்டன. தூத்துக்குடியில் இறங்கும் பெட்டி எங்கே நிற்கிறது என்று ஏற்றுமதியாளருக்குத் தெரிய வேண்டும், தெரியட்டும். கடம்பாகுளத்துக் கரை எந்த நிலையில் இருக்கிறது என்று அதன் கீழே குடியிருப்பவனுக்குத் தெரிய வேண்டாமா?

கருவி இல்லை என்று சொல்லாதீர்கள்

எச்சரிக்கைக்குப் பொதுக் குறி வைப்பது புதுமை அல்ல. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டை யார்தான் அறியார்? ஒன்று முதல் பதினொன்று வரை. எந்த நாட்டுக் கப்பலானாலும், எந்தப் பாஷை பேசும் மாலுமியானாலும், கூண்டைப் பார்த்தால் விஷயம் புரியும். 1864-ல் கல்கத்தாவைப் புயல் சூறையாடிய பிறகு, 1865-ல் அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875-ல் வானிலை இலாகாவே வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கப்பலும் சரக்கும் மூழ்கக் கூடாதே என்ற கவலை அதில் பெரிதாக இருந்தது. கட்டுமரத்தில் போகிறவன் அந்தக் கணக்கில் கடைசி ஆள்.

இன்றைய கம்ப்யூட்டர் உலகத்துக்கும் ஒரு கூண்டு இருக்கிறது. அதற்குப் பொது எச்சரிக்கை நெறிமுறை என்று பெயர், சி.ஏ.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2004-ல் அதன் முதல் வடிவம் வெளிவந்தது. 2007-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதை ஏற்றது. எந்த இலாகா அனுப்பினாலும் எச்சரிக்கையை ஒரே படிவத்தில் எழுத வேண்டும். அனுப்புவது யார்? உண்மையா, ஒத்திகையா? எவ்வளவு அவசரம்? எவ்வளவு கடுமை? எவ்வளவு நிச்சயம்? படத்தில் எந்தெந்த எல்லைக்குள்? ஜனங்கள் என்ன செய்ய வேண்டும்? எந்தெந்தப் பாஷையில்? இத்தனைக்கும் அந்தப் படிவத்தில் தனித்தனிக் கட்டம் உண்டு. ஒருமுறை எழுதினால் செல்போன், வானொலி, டெலிவிஷன், ரயில் நிலைய ஒலிபெருக்கி, கடற்கரைச் சங்கு எல்லாம் அதையே படித்துக்கொள்ளலாம். ‘பெற்றுக்கொண்டேன்’ என்று பதில் அனுப்புவதற்கும் அதில் இடம் உண்டு. இதை மறந்துவிடாதீர்கள்; பின்னால் வருகிறேன்.

நமது நாட்டில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சர்க்கார் ஸ்தாபனமான சி-டாட்டும் சேர்ந்து இந்த நெறிமுறையில் ‘சசேத்’ என்ற அமைப்பைக் கட்டின. அதன் முன்னோட்டம் 2018-ல் நடந்தது எங்கே தெரியுமா? நமது தமிழ்நாட்டில்தான். கோபுரத்தின் கீழிருக்கும் எல்லாப் போன்களையும், நம்பர் தெரியாமலே, ஒரே சமயத்தில் அலற வைக்கும் முறையின் சோதனையும் 2023 அக்டோபரில் இங்கே நடந்தது. போன்கள் அலறின, சோதனை வெற்றி என்றார்கள். இரண்டே மாதத்தில் டிசம்பர் வந்தது. மின்சாரம் போய், கோபுரம் படுத்து, கையிலிருந்த போன் வெறும் கல்லாயிற்று. கோபுரத்துக்கு எத்தனை நாள் மாற்று மின்சாரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனிக்கு என்ன தண்டனை என்ற கேள்வியைச் சோதனை செய்தவர்கள் சோதித்தார்களா?

சர்க்காரோ ஒன்றை வளர்ப்பதற்குப் பதில் பலவற்றைப் பெற்றுப் போடுகிறது. வானிலைக்கு ‘மௌசம்’, இடிக்கு ‘தாமினி’, விவசாயிக்கு ‘மேகதூத்’, கடலுக்கு ‘சமுத்ரா’, மத்திய சர்க்காருக்கு ‘சசேத்’, மாநிலத்துக்கு ‘டி.என். ஸ்மார்ட்’, அதன் பிறகு ‘டி.என். அலர்ட்’. விடியற்காலம் மூன்று மணிக்கு வள்ளம் தள்ளுகிறவன் எத்தனை செயலியைத் திறந்து பார்ப்பான்? இதில் பாதிப் பெயர் அவன் பாஷையில் கூட இல்லையே!

ஸ்டேஷன் மாஸ்டரும் புதுக்குடி ஜனங்களும்

“மனிதன் வேண்டாம், யந்திரம் தானே பார்த்துக்கொள்ளும்” என்பவர்களுக்கு அந்த டிசம்பர் இரவே பதில் சொல்லியிருக்கிறது.

17-ந் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. ஏறக்குறைய 800 பயணிகள். மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, குளங்கள் நிரம்பிக்கொண்டிருக்கின்றன. மழைக் கணக்கும் குளத்துக் கணக்கும் ரயில்வே கண்ட்ரோல் அறையின் திரையில் தானாக வந்து நின்றிருந்தால் அந்த வண்டி புறப்பட்டிருக்குமா? புறப்பட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் அதை நிறுத்தி வைத்தவர் அங்கிருந்த ஸ்டேஷன் மாஸ்டர், ஒரு மனிதர். அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

பயணிகளில் ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மற்றவர்கள் வண்டியிலேயே சிக்கினார்கள். 19-ந் தேதிதான் அவர்களை மீட்க முடிந்தது. அதுவரை அவர்களுக்குச் சோறு போட்டது யார்? பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள். தங்கள் வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்திருந்த ஏழை எளியவர்கள், இருந்த அரிசியைச் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எந்த ஜாதி, எந்த மதம், எந்த ஊர் என்று அவர்கள் கேட்கவில்லை. எந்தத் திரையும் அவர்களுக்குக் கட்டளை அனுப்பவில்லை.

இதை வைத்து “பார்த்தீர்களா, ஜனங்களே பார்த்துக்கொள்வார்கள், சர்க்கார் எதற்கு” என்று சிலர் கிளம்புவார்கள். அது மோசடி. ஜனங்களின் நல்ல மனசைக் காட்டி சர்க்கார் தன் கடமையிலிருந்து நழுவ முடியாது. ஸ்டேஷன் மாஸ்டருக்கு வந்த விவரம் இரண்டு மணி நேரம் முன்னதாக வந்திருக்க வேண்டும். புதுக்குடிக்கு வந்த வெள்ளத்தின் சேதி வெள்ளத்துக்கு முன்னே வந்திருக்க வேண்டும். யந்திரத்தின் வேலை அதுதான். மனிதனை விரட்டிவிட்டு அவன் நாற்காலியில் உட்காருவதல்ல அதன் வேலை.

ஆளில்லாத யந்திரமோ, பொறுப்பில்லாத ஆளோ என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணமும் உண்டு. 2018 ஜனவரி 13-ந் தேதி அமெரிக்காவின் ஹவாய்த் தீவில் எல்லாப் போன்களிலும் ஏவுகணை வருகிறது என்ற எச்சரிக்கை அலறியது. தவறான சேதி. பாதை சரி, படிவம் சரி, நொடியில் லட்சோப லட்சம் ஜனங்களை எட்டியது. தவறு என்று அதே போன்களுக்குச் சொல்ல 38 நிமிஷம் ஆயிற்று. அனுப்ப ஏற்பாடு இருந்தது. திருத்த ஏற்பாடு இல்லை. உலகத்திலேயே பணக்கார நாட்டின் லட்சணம் இது.

கடலில் இருப்பவன் கணக்கில் உண்டா?

தரையின் கதை இது என்றால் கடலின் கதை இன்னும் கொடுமை. 2017 நவம்பர் 30-ந் தேதி ஓகி புயல். ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு நாள்கணக்கில் தங்கப் போன கன்னியாகுமரி ஜில்லா மீனவர்கள் அதற்கு முன்பே கரையை விட்டுவிட்டார்கள். செல்போன் சிக்னல் கரையிலிருந்து சில மைலுக்கு மேல் எட்டாது. எச்சரிக்கை கரையில் ஒலித்தது. கேட்க வேண்டியவன் நடுக்கடலில் இருந்தான். தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மீனவர்களைப் பறிகொடுத்தன.

அதன் பிறகு, விண்வெளி ஸ்தாபனத்தின் செயற்கைக்கோள் வழியாக இருபுறமும் சேதி பேசும் கருவி படகுகளுக்கு வருகிறது. வரவேற்கிறோம். எஞ்சின் படகுக்கு வருவது எஞ்சின் இல்லாத கட்டுமரத்துக்கும் வர வேண்டும். அந்தக் கருவியில் வரும் சேதியும், துறைமுகக் கூண்டும், மாதாகோயில் ஒலிபெருக்கியும், கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பும் ஒன்றையே சொல்ல வேண்டும். ஒன்று போ என்றும் மற்றொன்று போகாதே என்றும் சொன்னால், மீனவன் வயிற்றைப் பார்த்து முடிவெடுப்பான், கடலுக்குப் போவான். போகாதே என்று சொல்கிற சர்க்கார் அந்த நாளின் கூலிக்கும் வழி சொல்ல வேண்டும்.

திருச்செந்தூருக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் குலசேகரப்பட்டினம். 2024 பிப்ரவரி 28-ந் தேதி அங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நமது மண்ணிலிருந்து விண்ணுக்குச் செயற்கைக்கோள் போகப் போகிறது; பெருமைதான். அந்தச் செயற்கைக்கோளின் கண்ணுக்குத் தெரிவது ஆலந்தலை, அமலிநகர், மணப்பாடு, புன்னைக்காயல் மீனவனின் காதுக்கு வந்து சேர வேண்டும். விண்ணுக்குப் போகும் வழி கிடைத்தது, கரைக்கு வரும் வழி கிடைக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நமது கோரிக்கைகள்

ஆகவே வாதத்தை இத்தோடு நிறுத்திக் காரியத்துக்கு வருவோம்.

ஒன்று: தாமிரபரணிப் பாசனத்தின் ஒவ்வோர் அணைக்கட்டிலும் குளத்திலும் தானியங்கி நீர்மட்ட அளவி வைக்க வேண்டும். அதன் கணக்கு ரயில்வே, மின்வாரியம், நெடுஞ்சாலை, ஊராட்சி ஆகிய எல்லோருக்கும் ஒரே பொதுப் படிவத்தில் போக வேண்டும். ஜனங்களும் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும்.

இரண்டு: எச்சரிக்கையில் வெறும் நிறம் போதாது. எத்தனை சென்டிமீட்டர், எந்த ஊர், எத்தனை மணிக்குள், எங்கே போக வேண்டும் என்று தமிழில் இருக்க வேண்டும். 20 சென்டிமீட்டருக்கு மேல் எல்லாம் ஒன்று என்ற கணக்கை மாற்ற வேண்டும்.

மூன்று: ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற பதிலைக் கட்டாயமாக்க வேண்டும். எச்சரிக்கை போன ஒவ்வோர் ஆபீசிலும் அதைப் பெற்றுக்கொண்ட அதிகாரி யார், எத்தனை மணிக்கு, என்ன செய்தார் என்பது பதிவாக வேண்டும். பேரிடர் முடிந்த ஒரு மாதத்துக்குள் அந்தப் பதிவை வெளியிட வேண்டும். பிறகு டில்லியும் சென்னையும் வாக்குவாதம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது.

நான்கு: கோபுரங்களுக்குப் போதிய மாற்று மின்சாரம் வைப்பது கம்பெனிகளின் சட்டக் கடமையாக வேண்டும். ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் மின்சாரம் போனாலும் ஒலிக்கும் சங்கு வேண்டும்.

ஐந்து: மதகுகளுக்கும் குளக்கரைகளுக்கும் லஸ்கர்களை நியமிக்க வேண்டும்; காலியிடங்களை நிரப்ப வேண்டும். அளவி எண்ணைச் சொல்லும். மதகைத் திறக்கக் கை வேண்டும்.

ஆறு: எல்லாப் படகுக்கும், கட்டுமரம் உட்பட, சேதிக் கருவி இலவசமாகக் கொடுக்க வேண்டும். அதன் விவரங்கள் மீட்புக்கு மட்டும் பயன்பட வேண்டும்.

இவற்றில் ஒன்றுகூட விஞ்ஞானத்தால் முடியாதது அல்ல. பாதை இருக்கிறது, படிவம் இருக்கிறது, செயற்கைக்கோள் இருக்கிறது. பாங்குகளுக்கும் கம்பெனிகளுக்கும் கெடு வைத்து, உத்தரவு போட்டு, ஆச்சியின் தட்டுவரை பணத்தைக் கொண்டுவந்து சேர்த்த அதே சர்க்கார்தான் இது. அதே கெடுவை வெள்ளச் சேதிக்கும் வைக்கட்டும்.

அடுத்த வடகிழக்குப் பருவமழை எந்த மந்திரியின் அறிக்கைக்காகவும் காத்திருக்காது. ஊராட்சிக் கூட்டத்திலும், மீனவர் சங்கத்திலும், குளத்துப் பாசன விவசாயிகள் கூட்டத்திலும் இந்த ஆறு கோரிக்கைகளையும் தீர்மானமாகப் போடுங்கள். கலெக்டர் ஆபீசுக்கு அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்!